வெட்டுக்கு முந்தைய நாற்பது நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதம். எங்கள் கறிவேப்பிலைத் தோட்டத்தில் அடுத்த வாரம் வெட்டு என்று வியாபாரியிடம் பேசி முடித்திருந்தோம். காலையில் வியாபாரியின் ஆட்கள் இரண்டு பேர் விசைத்தெளிப்பானோடு வந்து தோட்டத்தில் இறங்கிவிட்டார்கள். இலையில் புள்ளி தெரிகிறது, மண்டியில் தள்ளிவிடுவார்கள், ஒரு மருந்து அடித்துவிட்டால் பளபளவென்று நிற்கும் என்றார்கள். முன்பணம் வாங்கியாயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ரசத்துக்கு நாலு கொத்து ஒடிக்கப் போன அம்மா, ஒரு கொத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டார். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் நிற்கிற ஒற்றை மரத்தில் போய் ஒடித்துக்கொண்டு வந்தார்.

"நாம திங்காததை ஊருக்கு வெட்டிக் குடுக்கறமே கண்ணு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

காரமடைக்குப் பக்கத்தில் 40 சென்ட் செங்காம்புக் கறிவேப்பிலை எங்களுடையது. மூன்று மாதத்துக்கு ஒரு வெட்டு. அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்குப் பிறகு அந்த 40 சென்டில் நான் செய்து பார்த்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். எங்களைப் போலக் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். மூக்கால் முகர்ந்து கணக்குச் சொல்ல முடியாது. அதனால் அந்த வெட்டிலேயே மூன்று இடத்து இலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். எங்கள் தோட்டத்து இலை ஒன்று, தொட்டி ஓரத்து வீட்டு மரம் ஒன்று, ஐந்து வருஷமாக ரசாயனமே தொடாத நண்பர் ஒருவரின் இயற்கை விவசாயத் தோட்டத்து இலை ஒன்று. கோயம்புத்தூரில் தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில், மாதிரிக்கு ஒரு கிலோ கேட்டார்கள். செலவு சில ஆயிரம் ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து அந்த வெட்டு லாபத்தில் பெரும்பகுதி போனது. வருத்தப்படவில்லை.

மாதிரி எடுப்பதில்தான் நான் தவறினேன். எங்கள் தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இருபது செடிகளில் மேல், நடு, அடிக் கொத்துகளை ஒடித்தேன். அது சரியான முறை. நண்பர் தோட்டத்துக்குப் போனபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேட்டை ஒட்டிய வரிசையிலேயே ஒரு கிலோ ஒடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இலையைக் கழுவக் கூடாது, மருந்து அடித்த கையோடு தொடக் கூடாது, புதுப் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன்.

ஆய்வகத்தில் இருந்தவர் வேலை நடக்கும் விதத்தைப் பொறுமையாகச் சொன்னார். இலையை அரைத்து, அதில் பத்துப் பதினைந்து கிராம் எடுத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் உப்புகளும் சேர்த்துக் குலுக்குகிறார்கள். சாறு கரும்பச்சையாக இறங்கும். கறிவேப்பிலையில் பச்சையமும் வாசனை எண்ணெயும் அதிகம் என்பதால் தக்காளியை விட இதைச் சுத்தம் செய்வது சிரமமாம். கரித்தூள் போன்ற ஒன்றைப் போட்டுப் பச்சையை இறக்கிய பிறகே கருவியில் விடுகிறார்கள். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் சுத்தமாக இல்லை என்று அர்த்தம் கிடையாது, கருவி உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

அறிக்கை வந்தது. வீட்டு மரத்தில் எதுவும் கண்டறியப்படவில்லை. எங்கள் தோட்டத்து இலையில் நாலு மருந்து. ப்ரொஃபெனோஃபாஸ், சைபர்மெத்ரின், கார்பென்டாசிம் மூன்றும் அன்றைக்கு வந்த ஆட்கள் ஒரே டேங்கில் கலந்து அடித்தவை. நாலாவது தயாமீத்தாக்சம், அப்பா துளிர் நேரத்தில் அடித்தது, கொஞ்சமாக இருந்தது. ப்ரொஃபெனோஃபாஸ் மட்டும் கிலோவுக்கு 4 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. என்னை உலுக்கியது மூன்றாவது அறிக்கை. நண்பரின் இயற்கைத் தோட்டத்து இலையிலும் குளோர்பைரிஃபாஸ் இருந்தது. அளவு சிறியதுதான், ஆனால் இருந்தது. அவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் எங்கள் கணக்கு.

4 மில்லிகிராம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு மருந்துக்கு ஒரு பயிரில் இவ்வளவு இருக்கலாம் என்று தனியாகக் குறிக்காத இடத்தில் ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 100 டன் இலையில் ஒரு கிராம் மருந்து. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் பொதுவாக அதே 0.01ஐத்தான் வைத்திருக்கிறது. 2024 ஏப்ரலில், இந்தியாவில் பதிவு பெறாத பூச்சிக்கொல்லிகளுக்கு மசாலாப் பொருட்களிலும் சமையல் மூலிகைகளிலும் மட்டும் அதை 0.1 ஆக்கினார்கள். பத்து மடங்கு. நம் குழம்பில் தினமும் விழுகிற பொருட்களுக்கா தளர்த்துவது என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அந்த 4 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது என்று ஒரு சாயங்காலம் நோட்டில் கணக்குப் போட்டேன். யார் வேண்டுமானாலும் போடலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 மில்லி மருந்து. 50 சதவீத ப்ரொஃபெனோஃபாஸ் என்றால் ஏக்கருக்கு 200 கிராம் அசல் நஞ்சு. அதில் பாதிதான் இலையில் தங்குகிறது, மீதி மண்ணுக்கும் காற்றுக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஒரு வெட்டில் 2 டன் இலை. 100 கிராமை 2,000 கிலோவில் பரப்பினால் கிலோவுக்கு 50 மில்லிகிராம். 0.01க்கு 5,000 மடங்கு. இது அடித்த அன்றைய கணக்கு. அதற்கப்புறம் வெயில், பனி, இலையின் வளர்ச்சி என்று எல்லாம் சேர்ந்து அதைக் குறைக்கும். 3 நாளுக்கு ஒரு தடவை பாதியாகும் என்று எடுத்துக்கொண்டால் 9 நாளில் 6 மில்லிகிராம், 30 நாளில் 0.05. 0.01க்குக் கீழே இறங்க 39 நாள். எங்கள் தோட்டத்தில் மருந்து அடித்த 9ஆம் நாள் வெட்டு. அறிக்கையில் வந்த எண் என் நோட்டுக் கணக்குக்குப் பக்கத்திலேயே நின்றது.

மேகமூட்டமான மாதத்தில் 3 நாள் 5 நாளாகலாம், ஒவ்வொரு மருந்துக்கும் வேகம் வேறு. அதனால் 39 என்பது விதி இல்லை. ஆனால் பத்து நாள் விட்டு வெட்டினால் போதும் என்று ஊரில் சொல்வது கறிவேப்பிலைக்குக் கிட்டத்தில்கூட வராது என்பது அந்தப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது. கத்திரிக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் ஒரே அளவு மருந்து அடித்தாலும் தங்குவது ஒன்றாகாது. ஒரு கிலோ கத்திரிக்காய் நாலைந்து உருண்டை. ஒரு கிலோ கறிவேப்பிலையைத் தரையில் ஒவ்வொரு இலையாகப் பரப்பிப் பாருங்கள், கூடமே நிறைந்துவிடும். அவ்வளவு பரப்பும் மருந்தைப் பிடிக்கிறது. தோல் சீவவும் வழியில்லை.

கொத்தமல்லிக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். விதைத்து 40 நாளில் பிடுங்கிவிடுகிறோம். அதன் வாழ்நாளே அந்தக் காத்திருப்புக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. கீரைக்கட்டாக விற்கும் கொத்தமல்லிக்கு மருந்து அடிக்கவே கூடாது என்பது என் முடிவு. புதினாவும் ஏறக்குறைய அப்படித்தான்.

இது வெளியே தெரியாத விஷயமும் இல்லை. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் சில இறக்குமதிப் பொருட்களுக்குப் போட்ட விதியில் இந்தியக் கறிவேப்பிலையும் வெண்டைக்காயும் இருந்தன. 2014இல் அந்த இரண்டுக்கும் மட்டும் தனி விதி வந்தது. பரிசோதனை அறிக்கையும் சான்றிதழும் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் மருந்து தங்கியிருக்கிறது என்று கேரளம் எழுப்பிய சத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளாயணியில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் கடைகளில் எடுத்துச் சோதித்த அறிக்கைகளில் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி மூன்றின் பெயரும் திரும்பத் திரும்ப வந்தது. அப்போது நாங்கள் ஊரில் கோபப்பட்டோம். எங்கள் இலையின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது அந்தக் கோபம் நியாயமாகத் தெரியவில்லை.

அடுத்த வேலை, கடைசி மருந்து யார் கையில் இருக்கிறது என்பதை மாற்றுவது. நிற்கிற பயிரை மொத்தமாக விலை பேசிவிட்டால் வெட்டும் நாளும் அதற்கு முன் அடிக்கிற மருந்தும் வியாபாரி கைக்குப் போய்விடுகிறது. எடை போட்டு விற்கிறோம், நாங்களே வெட்டிக் கட்டுக் கட்டித் தருகிறோம் என்றோம். இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது ஒருவர் விலையைக் குறைத்துக் கேட்டு எடுத்துக்கொண்டார், புள்ளி இலை இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. வெட்டு அன்று புள்ளி இலை பொறுக்குவது மட்டும் இரண்டு ஆள் வேலை.

புள்ளியைக் குறைக்க மருந்தை விட மூன்று விஷயம் உதவியது. வெட்டு முடிந்ததும் கீழே கிடக்கும் பழைய இலையையும் குச்சியையும் கூட்டி வெளியேற்றினோம். மேலே தூவிக்கொண்டிருந்த தண்ணீரைச் சொட்டுநீருக்கு மாற்றினோம். நடுக் கிளைகளைக் கவாத்து செய்து செடிக்குள் வெளிச்சம் இறங்கவிட்டோம். புள்ளி சுத்தமாகப் போகவில்லை, ஆனால் அடி இலைகளோடு நின்றுவிட்டது.

துளிர் விடும் காலம்தான் பெரிய சண்டை. வெட்டின பத்துப் பன்னிரண்டு நாளில் செங்கொழுந்து கிளம்பும். அப்போது கொழுந்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தால் எள் அளவு பழுப்புப் பூச்சிகள் தலையைத் தண்டில் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதுதான் சைலிட். குஞ்சுகள் வெள்ளை நூல் மாதிரி மெழுகைக் கழித்திருக்கும், கொழுந்து சுருண்டு போகும். இன்னொன்று எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது அப்படியே பறவை எச்சம் மாதிரி இருக்கும். நான் முதல் வருஷம் எச்சம் என்று நினைத்தே விட்டுவிட்டேன். பெரிதானதும் பச்சையாகிவிடும். விரலால் தொட்டால் கழுத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டும், ஒரு காரமான வாடை அடிக்கும். 40 சென்டில் இதைக் கையால் பொறுக்க முடிகிறது. காலையில் ஒரு மணி நேரம், நானும் அம்மாவும்.

சைலிட்டுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. இடித்து, துணியில் முடிந்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பால் மாதிரி வெள்ளையாக வரும்வரை பிழிய வேண்டும். வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். முதல் தடவை காலையிலேயே அடித்து ஏமாந்தேன். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சீக்கிரம் போய்விடும். சாயங்காலம் 5 மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. பழைய கொட்டையும் வேலைக்கு ஆகாது. அந்த வருஷத்துக் கொட்டையாக இருக்க வேண்டும். கடையில் 'இயற்கை மருந்து' என்று கிடைக்கும் பாட்டில்களில், உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் பதிவு எண்ணும் இல்லாத எதையும் தோட்டத்துக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

முதல் வருஷம் ஒரு தடவை ரசாயனம் அடிக்க வேண்டியிருந்தது, மறைக்கவில்லை. துளிர் மொத்தமும் சுருண்டுபோன நேரம் அது. அப்பா பயந்தார், நானும் பயந்தேன். ஆனால் வெட்டிய 20ஆம் நாள் அடித்தோம், காலண்டரில் வட்டம் போட்டோம், அதற்கப்புறம் 70 நாள் வேம்பும் தண்ணீரும் தவிர எதுவும் இல்லை.

அந்த வெட்டில் மறுபடி இலையைக் கொடுத்தேன். தோட்டத்து நடு வரிசைகள் ஒரு மாதிரி, பக்கத்துத் தோட்ட வேலி ஓரம் மூன்று வரிசை இன்னொரு மாதிரி. நடுவில் எதுவும் கண்டறியப்படவில்லை. வேலி ஓரத்தில் ப்ரொஃபெனோஃபாஸ். நாங்கள் அந்த மூன்று மாதத்தில் அதைத் தொடவே இல்லை. அப்போதுதான் நண்பரின் தாள் நினைவுக்கு வந்தது. நான் ஒடித்தது கேட் ஓர வரிசை. கேட்டுக்கு அந்தப் பக்கம் வேறொருவரின் பந்தல் பாகல், அதற்கு அடித்த மருந்துதான் காற்றில் வந்திருக்க வேண்டும். அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, நடுத் தோட்டத்தில் ஒடித்து என் செலவிலேயே சோதித்தேன். சுத்தமாக இருந்தது. என் அவசரத்தால் அந்த மனிதர் மூன்று மாதம் தூக்கம் கெட்டிருக்கிறார்.

பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் இதை எப்படிப் பேசுவது? உங்கள் மருந்து எங்கள் இலையில் என்று தாளை நீட்டினால் சண்டைதான். அதனால் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று கேட்டேன்.

"மாமா, ஒரு நாளைக்கு டேங்கில மருந்துக்குப் பதிலா சொட்டு நீலம் கலந்து அடிக்கலாங்களா?"

"என்ற செடிக்குத் துணி தொவைக்கறயா மாப்ளே?" என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

வெள்ளைத் தாளைப் பாதியாக வெட்டி, எங்கள் பக்கம் வேலியிலிருந்து 1, 3, 6, 10ஆம் வரிசைகளில் செடி உயரத்துக்குக் குச்சி நட்டு மாட்டினேன். வரிசைக்கு வரிசை 4 அடி. காலை 6.30 மணிக்கு, காற்றே இல்லாதபோது மாமா தன் கடைசி வரிசையில் நடந்து ஒரு டேங்க் அடித்தார். அப்புறம் தாளை மாற்றிவிட்டு, அவர் வழக்கமாக மருந்து அடிக்கும் நேரமான மாலை 4 மணிக்கு இன்னொரு டேங்க். அது ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரை எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாள்களைத் திண்ணையில் வரிசையாக வைத்து, ஒரு அங்குலச் சதுரம் போட்டு நீலப் பொட்டுகளை எண்ணினோம். காலைத் தாளில் முதல் வரிசையில் 20 பொட்டு, மூன்றாவதில் 4, அதற்குமேல் இல்லை. மாலைத் தாளில் முதல் வரிசை எண்ணவே முடியவில்லை, தாளே வெளிர்நீலமாகிவிட்டது. ஆறாவது வரிசையில் 11. பத்தாவது வரிசையில், 40 அடிக்கு அந்தப் பக்கம், ஊசிமுனை மாதிரி 3 பொட்டு. மாமா அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப அடிக்கறவன் மூஞ்சில எவ்வளவு படும்?" என்று கேட்டார். இருபது வருஷமாக அந்தத் தோட்டத்தில் அடிப்பவர் அவர்தான். நான் தாளில் இலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கப்புறம் மாமா எங்கள் வேலியோர வரிசைகளை அதிகாலையில்தான் அடிக்கிறார், காற்று இருந்தால் தள்ளிப்போடுகிறார். புகை மாதிரி அடிக்கும் நாசிலை மாற்றிப் பெரிய துளி விழுகிற நாசில் போட்டார், அழுத்தத்தையும் குறைத்தார். நாங்கள் வேலியில் இரண்டு வரிசை சவுக்கு நெருக்கி நட்டோம். முதலில் தீவனப்புல் நடலாம் என்றுதான் இருந்தேன், சீக்கிரம் வளரும். ஆனால் மருந்தைப் பிடிக்கிற புல்லை மாட்டுக்குப் போட முடியுமா? சவுக்கின் ஊசியிலை மெல்லிய துளிகளை நன்றாகப் பிடிக்கிறது. மறுவருஷம் அது ஆள் உயரம் வந்ததும் மாலைக் காற்றில் நீலச் சோதனையைத் திரும்பச் செய்தோம். ஆறாவது வரிசைத் தாளில் 2 பொட்டு. இன்றைக்கும் வேலியோர மூன்று வரிசையைத் தனியாக வெட்டி, தனியாகக் கட்டி, சாதாரண இலை என்று சொல்லியே விற்கிறோம். இயற்கை விவசாயச் சான்றிதழுக்குப் போனாலும் இப்படி ஒரு இடைவெளிப் பட்டை விட்டுத்தான் ஆக வேண்டும்.

கழுவினால் போகாதா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நீலம் போகும், தண்ணீரில் கரைகிற பொருள். எண்ணெயில் கரைத்து வருகிற மருந்து கறிவேப்பிலையின் மெழுகுத் தோலில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளாயணிக்காரர்கள் புளிக்கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பிறகு நல்ல தண்ணீரில் அலசச் சொல்கிறார்கள். லிட்டருக்கு 20 கிராம் புளி. வாங்கும் இலைக்கு அதைச் செய்யுங்கள், மேலே இருப்பதில் ஒரு பங்கு போகும். தயாமீத்தாக்சம், இமிடாகுளோபிரிட், டைமெத்தோயேட் மாதிரி இலைக்குள்ளேயே ஊடுருவி ஓடும் மருந்தை எந்தப் புளியும் எடுக்காது. பொடி செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் வற்றி மூன்று கிலோ இலை ஒரு கிலோவாகிறது, மருந்து அப்படியே தங்கினால் கிலோவுக்கு மூன்று மடங்காகிவிடும்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு வெட்டுக்கும் 40 நாள் முன்னால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. அம்மா போட்டது. அடுத்த வெட்டு 17ஆம் தேதி. நேற்று மாமா மோருக்கு வந்தவர், ஆணியில் தொங்கிய பேனாவை எடுத்து, தன் தோட்டத்தில் கடைசியாக மருந்து அடித்த நாளை எங்கள் காலண்டரிலேயே குறித்துவிட்டுப் போனார். கோட்டுக்கு ஆறு நாள் முன்னால் இருக்கிறது.